சுத்துக்கு ஒரு தட்டு

எங்கள் வீட்டில் ஒரு ரயில் எஞ்சின் இருக்கிறது. நீல உடம்பு, மஞ்சள் முகம், ஒரு சாண் நீளம். சாமிப் படத்துக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின்னில் துணி சுற்றி வைத்திருக்கும். போன ஏப்ரல் லீவில் வீட்டுக்குப் போனபோது, எட்டு வருஷத்துக்குப் பிறகு, நானும் அப்பாவும் அந்த டின்னைத் திறந்தோம். அதிலிருந்து இதை எழுதணும் எழுதணும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுடைய அப்பா பங்களாவில் அப்புவாக இருந்தவர். ஒரு துரை மாற்றலாகிப் போகும்போது, அவர் மகன் விளையாடிப் போட்ட சாமான் ஒரு பெட்டி நிறைய மிஞ்சிவிட்டது. "ஒன்னும் ஓடாது, வேணும்னா எடுத்துட்டுப் போ" என்று துரைசானி சொன்னாராம். தாத்தா பெட்டியைத் தோளில் தூக்கி வைத்து லயத்துக்குக் கொண்டுவந்தார். நான் அப்போது நாலாம் தரம். உள்ளே ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளத் துண்டுகள், கரண்டில் குத்துகிற ஒரு கொன்ட்ரோலர். இங்கிலாந்தில் விற்கிற வகை. அடியில் சீனாவில் செய்தது என்று எழுதியிருந்தது.

அந்தத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். ஹட்டன் வழியாகப் பதுளைக்குப் போகிற நிஜப் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர். கிட்டத்தட்ட நூற்றில் ஒன்று. இந்தக் கணக்கெல்லாம் பிறகு போட்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எல்லாவற்றையும் பூட்டி, பிளக்கைக் குத்தி, குமிழைத் திருகியும் அது அசையவில்லை.

நான் கையால் தள்ளப் பார்த்தேன்.

"தள்ளாத பாப்பா!" அப்பா இஸ்தோப்பிலிருந்து கத்திக்கொண்டே உள்ளே வந்தார்.

அப்பா ஸ்டோரில் பிட்டர். தோட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. வாட்டல் விசிறி, ரோலர், டிரையர், சல்லடை எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கும் ஆள் வரும். பறித்த கொழுந்து விடியும்வரை காத்திருக்காது.

அவர் எஞ்சினைக் கவிழ்த்துப் பிடித்துச் சக்கரத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தார். திரும்பவில்லை. "உள்ளுக்குப் புரி இருக்கு. மோட்டர் சக்கரத்தச் சுத்தும், சக்கரம் மோட்டரச் சுத்தாது. நீ தள்ளினா உருளாது, பல்லுதான் ஒடையும்" என்றார். அந்த எஞ்சினை அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லை. ஸ்டோரில் இதே மாதிரிப் புரி போட்ட கியர் பெட்டி ஒன்று இருந்ததாம். மோட்டரின் தண்டில் ஸ்குரூ ஆணி மாதிரி ஒரு புரி, அதில் கோத்த ஒரு பல் சக்கரம். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவதற்கு, சின்ன இடத்தில் அடங்குகிற ஒரு வழி அது. விலை என்னவென்றால் அது ஒரு பக்கம் மட்டும்தான் வேலை செய்யும். கரண்ட் போன நொடியில் எஞ்சின் அப்படியே குத்தி நிற்பதும் அதனால்தான்.

"மொதல்ல அழுக்கு, அப்புறம் தேய்மானம், கடைசியாத்தான் ஒடைசல். இந்த வரிசையில பாரு." இது அப்பா ஸ்டோரில் கூட வேலை செய்கிற பெடியன்களுக்குச் சொல்கிற பாடம். எனக்கும் அதுதான் முதல் பாடம்.

அழுக்கிலிருந்து தொடங்கினோம். இந்த மாதிரி எஞ்சினுக்குக் கரண்ட் வயரில் வருவதில்லை. ஒரு தண்டவாளத்தில் பிளஸ், மற்றதில் மைனஸ், 12 வோல்ட். சக்கரம் அதை எடுத்து, தன் முதுகில் உரசிக்கொண்டிருக்கிற ஒரு மெல்லிய வெண்கலத் தகட்டுக்குக் கொடுக்கும். தகட்டிலிருந்து மோட்டருக்குப் போகும். சக்கரமும் தண்டவாளமும் தொடுகிற இடம் ஒரு ஊசிமுனை அளவுதான். அங்கே ஒரு படலம் அழுக்கு இருந்தால் கரண்ட் போகாது. எஞ்சினின் பாரம் சின்னது, அழுக்கை நசுக்கிக்கொண்டு போகவும் அதுக்குத் திராணி இல்லை. சக்கரங்களில் கரி மாதிரிக் கறுப்பாக ஒரு பொருக்கு கட்டியிருந்தது. அப்பா அதை மூங்கில் சீவலால் சுரண்டினார். "கத்தி வேணாம், கோடு விழுந்தா அதுல திரும்பவும் அழுக்கு ஒக்காரும்."

பிறகு மோட்டரைத் திறந்தார். முன்னால் வைத்திருந்தவர்கள் ஓடவில்லை என்றதும் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். கார்பன் பிரஷ் தேய்ந்து வந்த தூளும் எண்ணெயும் சேர்ந்து கறுப்புக் களியாகி, பிரஷ் உரசுகிற செப்புத் துண்டுகளின் இடுக்கெல்லாம் அடைத்திருந்தது. அந்த இடுக்குகள் வெறுமையாக இருந்தால்தான் கரண்ட் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குக் குறுக்கே பாயாது. ஈர்க்குச்சியின் நுனியால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தார். எண்ணெய் போட வேண்டிய இடம் அச்சு முனைகள் மட்டும். அதுவும் ஊசி நுனியில் தொட்டு ஒரு சொட்டு. "எண்ணெ போடாம செத்த மிசினவிட எண்ணெ ஊத்திச் செத்த மிசின் ஜாஸ்தி" என்றார்.

அன்று ராத்திரி அது ஓடியது. லயத்தில் ஏழு காம்பராப் பிள்ளைகளும் எங்கள் வீட்டுச் சிமெந்துத் தரையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பங்களாவில் ஓடாத ரயில் எங்கள் வீட்டில் ஓடுகிறது என்பது தாத்தாவுக்குப் பெரிய பெருமை. சும்மா எழுந்து எழுந்து வெளியே போய், வருகிறவர் போகிறவரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் நாலு நாளில் திரும்ப நின்றது. காரணம் எங்கள் அடுப்பு. விறகுப் புகை காம்பரா முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும். மழைக்காலத்தில் புகையோடு ஈரமும் சேரும். ரெண்டு நாளில் தண்டவாளத்தை விரலால் தேய்த்தால் விரல் கறுக்கும். பங்களா மாடி அறையில் ஓட வேண்டிய ஒரு சாமானை அடுப்படிக்குப் பக்கத்தில் ஓடவிட்டால் அதன் பராமரிப்பும் வேறாகத்தான் இருக்கணும். அப்பா முதலில் மண்ணெண்ணெயில் துடைத்தார். அழுக்குப் போனது, ஆனால் சக்கரம் வழுக்கியது. மண்ணெண்ணெய் காய்ந்த பிறகும் ஒரு மெல்லிய பசை நிற்கும். பிறகு தோட்டத்து டிஸ்பென்சரியில் கொஞ்சம் ஸ்பிரிட் வாங்கி வந்தார். அது சரியாக இருந்தது. அதிலிருந்து ஓட்டுவதற்கு முன்னால் துடைப்பது என் வேலை. ரெண்டு வருஷம் அது ஒழுங்காக ஓடியது.

மெயில் ரயிலில் ஹட்டனுக்கு மேலே போனவர்களுக்குத் தெரியும், அந்தப் பாதை எப்படி மூச்சு வாங்குகிறது என்று. ரயில் 1884இல் ஹட்டனுக்கு வந்தது, மறுவருஷம் நானுஓயாவுக்கு. பண்டாரவளைக்கு 1894, பதுளைக்குப் போய்ச் சேர 1924. நாவலப்பிட்டிக்கு மேலே வருகிற கடுமையான ஏற்றம் 44க்கு 1. அதாவது 44 அடி போனால் ஒரு அடி உயரணும். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு தொன் பாரத்துக்கும், சமதரையில் இழுப்பதற்கு மேலாகக் கிட்டத்தட்ட 23 கிலோ இழுவை வேண்டும். இரும்பு மேல் இரும்பு, அதுவும் மூடுபனியில் நனைந்த இரும்பு. சக்கரம் வழுக்காமல் இருக்கத்தான் பெரிய எஞ்சின்களில் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுகிற குழாய் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு வட்டம் போரடித்துவிட்டது. எங்களுக்கு மலை வேணும், கொட்டகலை வேணும், சிங்கமலைச் சுரங்கம் வேணும். சுரங்கத்துக்கு ஒரு செருப்புப் பெட்டியை வெட்டினோம். மலைக்கு என் பழைய கொப்பிகளை அடுக்கினோம். அப்பா அளந்து வைத்தார். 44 அங்குலத்துக்கு ஒரு அங்குலம். எஞ்சின் தனியாக ஏறியது. ஒரு பெட்டி கோத்தால் ஏறியது. மூன்று பெட்டியோடு நடுவில் நின்று சக்கரம் மட்டும் சுற்றியது. அதிலும் அந்தப் பொம்மைப் பாதையின் வளைவு நிஜப் பாதையைவிட மோசம். எங்கள் மலைப் பாதையின் கடும் வளைவு நூறு மீற்றர் ஆரை. பொம்மைக்குச் சரியாகச் சுருக்கினால் ஒன்றே கால் மீற்றருக்கு மேல் இருக்கணும். எங்கள் வட்டத்தின் ஆரை ஒரு முழம் கூட இல்லை. வளைவில் ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்தின் ஓரத்தில் உரசி இழுவையைத் தின்னும்.

மணல் தூவ முடியாது, தூவினால் பல்லுக்குள் போகும். ஆகவே பாரம் ஏற்றணும். அப்பா ஹட்டனில் ஒரு டயர் கடையிலிருந்து, சக்கரம் பேலன்ஸ் பண்ண அடிக்கிற ஈயக் கட்டி ரெண்டு கொண்டுவந்து, எஞ்சினின் கூட்டுக்குள்ளே ஒட்டினார். அடுத்த தடவை மூன்று பெட்டியோடும் ஏறியது. நான் கைதட்டியது ஞாபகம் இருக்கிறது.

ஆறாம் தரத்தில் நான் படிக்கிறபோது அந்தத் தட்டு ஆரம்பித்தது. எஞ்சின் ஓடும், ஆனால் "டக்... டக்... டக்" என்று நொண்டும். அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்து, சக்கரத்துக்கு ரெண்டு வயரைத் தொட்டு, மெதுவாக ஓடவிட்டார். ஒரு ஸ்குரூ ட்ரைவரின் நுனியை உடம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்தார். ஸ்டோரில் விசிறி பியரிங்கை அப்படித்தான் கேட்பார்.

"எண்ணு."

நான் சக்கரத்தில் ஒரு புள்ளி வைத்து எண்ணினேன். சக்கரம் ஒரு சுத்து, தட்டு ஒன்று. இன்னொரு சுத்து, இன்னொரு தட்டு.

"அப்ப மோட்டர் இல்ல. மோட்டர்ல கொற இருந்தா சக்கரம் ஒரு சுத்து வர்றதுக்குள்ள பத்துத் தடவ தட்டும். சுத்துக்கு ஒரு தட்டுன்னா அச்சோட ஒண்ணாச் சுத்துற ஏதோ ஒண்ணுதான்."

அச்சோடு ஒன்றாகச் சுற்றுகிறது ஒரு நைலோன் பல் சக்கரம். கழற்றிப் பார்த்தால் அதன் நடுவில், அச்சைக் கவ்வுகிற இடத்தில், மயிரிழையாக ஒரு விரிசல். விரிசல் விரிந்த அளவுக்கு அந்த இடத்தில் ரெண்டு பல்லுக்கு நடுவே இடைவெளி கூடிவிட்டது. அடுத்த சக்கரத்தின் பல் ஒவ்வொரு சுற்றிலும் அங்கே வந்து இடித்துத் தாண்டுகிறது. அதுதான் அந்த "டக்".

அப்பா அச்சை நைஸ் பேப்பரில் கொஞ்சம் தேய்த்தார். பல் சக்கரத்தின் கழுத்தில், பழைய மோட்டர் கொயிலிலிருந்து எடுத்த செப்புக் கம்பியை இறுக்கமாக ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, விரிசலை மூடவைத்து, பசை வைத்தார். தட்டு நின்றது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை. கூட்டைத் திறந்து ஈயக் கட்டி ரெண்டையும் பெயர்த்து எடுத்தார்.

"நான் பாரத்த ஏத்தினேன். அது தாங்கல." அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு மலை இல்லை. வட்டம்தான். ஒன்பதாம் தரத்தில் டியூஷன், பாடம் என்று நானும் மறந்துபோனேன். எஞ்சின் டின்னுக்குள் போனது.

சாதாரண தரத்தில் எனக்குக் கணிதத்துக்கு ஏ வந்தது. எங்கள் ஸ்கூலில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டும்தான். கணிதப் பிரிவுக்கு டவுனுக்குப் போகணும். இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் தனித்தனியாக டியூஷன், தங்க இடம், பஸ் காசு. அந்த வருஷம் ஸ்டோரில் கொழுந்து குறைந்து வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அப்பா ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு தடவை போய் வந்தார். ரெண்டாவது தடவை திரும்பி வந்தபோது சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் கலைப்பிரிவில் சேர்ந்தேன், நன்றாகச் செய்தேன், பேராதனைக்கு வந்தேன். இங்கே புவியியல் படிக்கிறேன். எனக்கு இது பிடித்திருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு லீவிலும் ஏதாவது ஒரு பேச்சில் அப்பா அந்த இடத்துக்கு வந்துவிடுவார். "ஒன்னைய எஞ்சினியர் ஆக்கியிருக்கணும். நான்தான் முடியாம விட்டுட்டேன்."

ஹட்டனில் பொடி மெனிகேயில் ஏறினால் பேராதனைப் பக்கம் வந்துவிடலாம். மேடையில் நிற்கும்போது எந்த எஞ்சின் வருகிறது என்று பார்ப்பது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். மலையில் நாங்கள் அதிகம் பார்க்கிற எம்6 எஞ்சின் 1979 வாக்கில் மேற்கு ஜேர்மனியில் ஹென்ஷல் கட்டியது. உள்ளே இருக்கிற டீசல் எஞ்சின் அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸ் வகை, 1650 குதிரைவலு. அதற்கும் முன்னால், 1954இல், கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து வந்த எம்2 இருக்கிறது. கனடா மாகாணங்களின் பெயரை வைத்தார்கள், முதலாவது ஒன்டாரியோ. அந்த வரிசையில் சிலது 60 வருஷம் தாண்டியும் ஓடின.

எப்படி இத்தனை வருஷம்? ரூமில் படிக்க வேண்டியதை விட்டுவிட்டு இதைத் தேடிப் படித்தேன். அந்த வகை எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் அதன் பிஸ்டனோடும் தலையோடும் சேர்ந்து ஒரு தனித் தொகுதி. ஒன்று கெட்டால் அதை மட்டும் மேலே தூக்கிவிட்டு வேறொன்றை இறக்கலாம். முழு எஞ்சினையும் வெளியே எடுக்கத் தேவையில்லை. கெட்டுப்போகும் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். திறக்கிற ஆளுக்கு இடம் விட்டுச் செய்திருக்கிறார்கள். பொம்மை ரயிலிலும் அப்படி ஒரு காலம் இருந்தது. பிராங்க் ஹோர்ன்பி 1920இல் விற்ற முதல் சாவி ரயில்களை அவருடைய மெக்கானோ மாதிரியே போல்ட் நட்டுப் போட்டுத்தான் பூட்டியிருந்தார்கள். வீட்டிலேயே கழற்றி, கெட்ட பாகத்தை மாற்றி, திரும்பப் பூட்டலாம்.

இயந்திரங்களின் நம்பகத்தன்மையைப் பற்றிப் படிக்கிறவர்கள் ஒரு வளைவு வரைவார்கள். குளியல் தொட்டியைக் குறுக்கே வெட்டினது மாதிரி இருக்கும். புதிதாக இருக்கும்போது பழுது அதிகம், நடுவில் ரொம்ப நாள் குறைவு, கடைசியில் தேய்ந்து திரும்ப அதிகம். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அப்பா இதை ஒரே வரியில் சொல்வார்: "புது பெல்ட்டும் அறும், கெழட்டு பெல்ட்டும் அறும், நடுவுல உள்ளது அறாது." முதல் மேடு ஏன் வருகிறது? செய்யும்போதே உள்ளே வைத்த குறை வெளியே வருவதால். ஆனால் சில பிறவிக் குறைகள் முதல் மாதத்தில் வெளியே வருவதில்லை. பத்து இருபது வருஷம் உள்ளேயே இருந்துவிட்டு வரும். பொம்மை எஞ்சின்களில் அப்படி ரெண்டு இருக்கிறது.

ஒன்று, உடம்பின் அடிக்கட்டை வார்க்கிற துத்தநாகக் கலவையில் வருவது. வார்க்கும்போது அதில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டாலும், வருஷங்கள் போன பிறகு உலோகம் உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, பிஸ்கட் மாதிரி உதிரும். ரெண்டாம் உலகப் போருக்கு முந்திய பொம்மை ரயில்கள் நிறைய அப்படிப் போயிருக்கின்றன. அதற்கு மருந்து இல்லை. எங்கள் எஞ்சினில் அது வரவில்லை. வந்திருந்தால் அப்பா கையாலும் முடியாது.

ரெண்டாவதைப் படிக்கும்போது கையில் இருந்த பிளேன்டீயைக் கீழே வைத்தேன். நைலோன் பல் சக்கரத்தை அச்சில் நிற்கவைக்க, அச்சைவிடச் சின்ன ஓட்டை போட்டு இறுக்கி அழுத்துகிறார்கள். பசை இல்லை, சாவி இல்லை, அந்த இறுக்கம்தான் பிடிமானம். அதாவது அந்தப் பல் சக்கரம் பிறந்த நாளிலிருந்தே உள்ளிருந்து விரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. வருஷம் போகப் போக பிளாஸ்டிக் இறுகிச் சுருங்கும், அச்சு சுருங்காது. ஒரு நாள் விரியும். ஓடினாலும் விரியும். ஒரு தடவை கூட ஓடாமல், வாங்கின பெட்டிக்குள் கிடந்தாலும் விரியும்.

பாரம் ஏற்றியதால் அல்ல.

ஏப்ரல் லீவில் போனதும் நான் கேட்ட முதல் விஷயம் அந்த டின்தான். அம்மா, "வந்ததும் வராததுமா இது என்னா" என்றார். மேசையில் நியூஸ் பேப்பர் விரித்தோம். அப்பாவுக்கு இப்போது கண்ணாடி வேணும், அதையும் எடுத்து வந்தார். கூட்டைக் கழற்றி, நாலு அச்சையும் வெளியே எடுத்து, வரிசையாக வைத்தேன்.

நாலில் மூன்று பல் சக்கரங்கள் விரிந்திருந்தன. அப்பா செப்புக் கம்பி சுற்றிய அந்த ஒன்று மட்டும் முழுசாக இருந்தது.

அப்பா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இதெல்லாம் அன்னைக்கு நல்லாத்தானே இருந்திச்சி. நான் பாத்துத்தானே பூட்டினேன்."

"ஆமாப்பா. ஈயத்த எடுத்ததுக்கு அப்புறம் இது பாரமே தூக்கல. எட்டு வருசமா ஓடவே இல்ல. டின்னுக்குள்ள சும்மாவே கெடந்திச்சி. அப்படியும் வெடிச்சிருக்கு." பிறகு இறுக்கத்தைப் பற்றிப் படித்ததைச் சொன்னேன். அவர் ஒரு அச்சையும் பல் சக்கரத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நம்ம ஏத்துனதால இல்ல."

"இல்லப்பா. செய்யும்போதே அப்படித்தான் அடிச்சிருக்காங்க."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "கம்பி இருக்கா பாரு அந்த டப்பாவுல" என்றார்.

இந்தத் தடவை நான்தான் சுற்றினேன். அப்பா பிடித்துக்கொண்டார். அச்சை நைஸ் பேப்பரில் தேய்த்து இறுக்கத்தைக் குறைக்கணும், ஆனால் கூடத் தேய்த்தால் பல் சக்கரம் வழுக்கும். கம்பியை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சுற்றணும், ஏறினால் பக்கத்துச் சக்கரத்தில் தட்டும். முதலாவதைக் கெடுத்து, அவிழ்த்து, திரும்பச் சுற்றினேன். மூன்றையும் முடிக்கப் பின்னேரம் ஆகிவிட்டது. பசை காயும்வரை தண்டவாளத்தை ஸ்பிரிட்டில் துடைத்தேன். பக்கத்துக் காம்பராத் தம்பி, அவன் மூன்றாம் தரம், வாசலில் வந்து நின்றான்.

ஓடியது. தட்டு இல்லை. அப்பா ஸ்குரூ ட்ரைவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு பழைய மாத்திரை டப்பாவை எடுத்து வந்தார். அதற்குள் அந்த ரெண்டு ஈயக் கட்டியும் இருந்தது. எறியாமல் வைத்திருக்கிறார். ரெண்டையும் என் கையில் கொடுத்தார். ஒட்டினேன். கொப்பிகளை அடுக்கினோம், 44க்கு 1. மூன்று பெட்டியோடும் ஏறியது. தம்பி கத்தினான்.

அந்த லீவு முழுக்க "நான்தான் முடியாம விட்டுட்டேன்" என்ற பேச்சு வரவில்லை. நானும் எடுக்கவில்லை. எஞ்சினையும் அதையும் சேர்த்து நேரில் பேச எனக்கு வாய் வரவில்லை, ஆகவே இங்கே எழுதுகிறேன். எங்கள் ஸ்கூலில் கணிதப் பிரிவு இல்லாதது அப்பா ஏற்றின பாரம் இல்லை. அது செய்யும்போதே அப்படி வைத்தது. மலையில் எத்தனையோ ஸ்கூலில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. எத்தனையோ அப்பாமார் சாப்பிடாமல் படுத்திருப்பார்கள், தங்கள் கைதான் குறை என்று நினைத்துக்கொண்டு. அந்தக் கை கம்பி சுற்றின இடம் மட்டும்தான் விரியாமல் நிற்கிறது என்று அவர்களுக்கு யாராவது டின்னைத் திறந்து காட்டணும்.

இதை அப்பாவுக்கு வாசிக்க அனுப்புவேன். வாசித்துவிட்டு இதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார், எனக்குத் தெரியும். ரெண்டு நாள் கழித்துப் போன் பண்ணி, பக்கத்து வீட்டுத் தம்பி எஞ்சினைக் கையால் தள்ளுகிறான் என்று முறைப்பாடு சொல்வார்.